தெரு கூடிப் பண்டிகை கொண்டாட: குமரி மாவட்டத்து வீடுகளுக்கு ஒரு முழு வழிகாட்டி

மதிலுக்கு மேலே தட்டு கைமாறுவது நம் ஊரில் புதிதில்லை. தீபாவளிக்கு இங்கிருந்து முறுக்கு போகும். கிறிஸ்துமசுக்கு அங்கிருந்து கேக்கும் அச்சுமுறுக்கும் வரும். பெருநாளுக்கு எதிர்வீட்டு உம்மா பிரியாணி கொடுத்துவிடுவார். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நம் மாவட்டத்தில் இந்துக்கள் 48.65 விழுக்காடு, கிறிஸ்தவர்கள் 46.85, முஸ்லிம்கள் 4.2. தக்கலை, மார்த்தாண்டம், நாகர்கோவில் பக்கம் பல தெருக்களில் ஒரே வரிசையில் நட்சத்திரமும் தொங்கும், கார்த்திகை விளக்கும் எரியும்.

என் மகளுக்கு ஆறு வயதாக இருந்தபோது அடுத்த வீட்டு கேக்கைக் கையில் வைத்துக்கொண்டு, "அம்மா, இதை அவங்க எங்க வச்சுச் செய்வாங்க?" என்று கேட்டாள். பிறந்ததிலிருந்து அந்த வீட்டுப் பண்டம் தின்கிற பிள்ளை. ஆனால் அந்த அடுக்களைக்குள் ஒருநாளும் நின்றதில்லை. எனக்கு அது உறுத்திவிட்டது. தட்டு போய் வருகிறது, பிள்ளை போய் வரவில்லை.

அன்றிலிருந்து நாங்கள் ஐந்து வீட்டுக்காரர்கள் மெல்ல மெல்லப் பழகிக்கொண்ட முறையைத்தான் இங்கே எழுதுகிறேன். அடிப்படை ஒன்றுதான்: பண்டிகை நாளுக்கு விருந்து வைத்துக் கூப்பிடுவதைவிட, முந்தின நாள் வேலைக்குக் கூப்பிடுங்கள். பண்டிகையன்று அவரவருக்குக் கோயில் இருக்கும், சர்ச் இருக்கும், பள்ளிவாசல் இருக்கும், சொந்தக்காரர்கள் வருவார்கள். முந்தின நாள் சாயங்காலம்தான் வீடு திறந்து கிடக்கும், கை தேவைப்படும். பிள்ளைகளுக்கும் அந்த நாள்தான் உண்மையான பண்டிகை.

முதல் படி: கூப்பிடுவது

நான்கைந்து வீடு போதும். முழுத் தெருவையும் சேர்க்கப் பார்த்தால் சங்கம் ஆகிவிடும், தலைவர், பொருளாளர் என்று போய்விடும்.

வாட்ஸ்அப்பில் சொல்லாதீர்கள். நடந்து போய்ச் சொல்லுங்கள். "நாளைக்குச் சாயங்காலம் எங்க வீட்டுல முந்திரிக்கொத்து உருட்டுகோம் மைனி, கை பத்தாது. பிள்ளைகளை விடுங்க, நீங்களும் வாங்க." இவ்வளவு போதும். சாப்பிடக் கூப்பிட்டால் பலருக்குக் கூச்சம் வரும், திருப்பிச் செய்யணுமே என்ற கணக்கு வரும். உதவிக்குக் கூப்பிட்டால் அந்தக் கணக்கே எழாது. ஒத்தாசைக்கு வந்தவர்கள் உரிமையோடு உட்காருவார்கள்.

வாடகைக்குப் புதிதாக வந்த வீட்டை மறந்துவிடாதீர்கள். கட்டட வேலைக்கும் செங்கல் சூளைக்கும் வெளி மாநிலத்திலிருந்து குடும்பத்தோடு வந்திருப்பவர்களின் பிள்ளைகள் பண்டிகை நாளில் கேட்டுக்கு வெளியே நின்று பார்த்துக்கொண்டிருப்பார்கள். மொழி தெரியாவிட்டாலும் எள்ளில் கல் பொறுக்கத் தெரியும். கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு வாருங்கள்.

இரண்டாம் படி: ஒரே நாட்காட்டியில் எல்லா வீடும்

மாதக் காலண்டர் ஒன்றை எடுத்து ஒவ்வொரு வீட்டுப் பண்டிகையையும் நோன்பையும் குறியுங்கள். தைப்பொங்கல், மார்ச் முதல் வாரத்தில் வருகிற அய்யா வைகுண்டர் அவதார நாள், மண்டைக்காட்டுக் கொடை, ஈஸ்டர், சித்திரை ஒன்றாம் தேதி கனி காணுதல், ஓணம், நவராத்திரி, தீபாவளி, திருக்கார்த்திகை, டிசம்பர் 3 அன்று நிறைவுபெறும் கோட்டாறு சவேரியார் திருவிழா, கிறிஸ்துமஸ், அதையொட்டி வரும் சுசீந்திரம் மார்கழித் திருவிழா. பெருநாள் பிறைக் கணக்கு என்பதால் ஆண்டுக்குப் பத்துப் பதினொரு நாள் முன்னால் நகர்ந்துகொண்டே வரும். அதைப் பென்சிலால் எழுதுங்கள்.

பண்டிகையைவிட முக்கியம் விரதம். கார்த்திகை ஒன்றிலிருந்து மகரவிளக்கு வரை மாலை போட்டவர்கள் இருப்பார்கள். தவக்காலத்தில் நாற்பது நாள் இறைச்சியை ஒதுக்குகிற வீடுகள் உண்டு. 2026இல் தவக்காலமும் ரமலானும் ஒரே வாரத்தில் தொடங்கின. பக்கத்து வீட்டில் தவசு, எதிர்வீட்டில் நோன்பு என்று இருக்கும்போது நடு வீட்டில் பகல் விருந்து வைத்தால் யார் வருவது?

இன்னொன்று: நம் மாவட்டத்துக்கு மட்டும் விடுகிற உள்ளூர் விடுமுறைக்குப் பெரும்பாலும் ஒரு சனிக்கிழமையை ஈடுசெய்யும் வேலைநாளாக வைப்பார்கள். அந்தச் சனிக்கிழமையில் எதையும் திட்டமிடாதீர்கள். நாங்கள் ஒருமுறை ஏமாந்தோம். மாவு திரித்து வைத்தாயிற்று, பிள்ளைகள் எல்லாம் பள்ளிக்கூடத்தில்.

முதல் வருடம் மூன்று பண்டிகைக்கு மேல் வேண்டாம்.

மூன்றாம் படி: என்ன ஆகாது என்று கேட்பது

வெட்கப்படாமல் முன்கூட்டியே கேளுங்கள். சில வீட்டில் முட்டைகூட ஆகாது. சில வீட்டில் ஹலால் இறைச்சி மட்டும்தான். சிலர் வெள்ளிக்கிழமை கவிச்சி தொட மாட்டார்கள். கிறிஸ்துமஸ் சமயத்தில் எங்கள் தெருவில் இரண்டு வீட்டில் ஐயப்பனுக்கு மாலை போட்டிருப்பார்கள். முதல் வருடம் கேக் வந்தபோது அந்த வீட்டுப் பையன், அவனும் கன்னிச்சாமி, தட்டைப் பார்த்துக்கொண்டே நின்றான். முகம் வாடிவிட்டது. மறு வருடத்திலிருந்து அடுத்த வீட்டு அக்கா முட்டை சேர்க்காமல் தயிர் விட்டு ஒரு கேக் தனியாகச் செய்து, அதற்குத் தனிக் கத்தியும் வைக்கிறார். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை, அந்தப் பையன் முகத்தைப் பார்த்து அவராகவே செய்தது.

பால், கடலை, எள் ஒத்துக்கொள்ளாத பிள்ளைகள் இருக்கலாம். அதையும் அம்மாமாரிடம் கேட்டு வையுங்கள்.

நான்காம் படி: வேலை, அதாவது பண்டிகையே

கூடிச் செய்ய எதைத் தேர்ந்தெடுப்பது என்று கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு முந்திரிக்கொத்து என்பேன். தீபாவளிக்கும் கிறிஸ்துமசுக்கும் கல்யாணத்துக்கும் நம் பக்கத்து வீடுகளில் சுடுகிற பண்டம் இது. முட்டை இல்லை, இறைச்சி இல்லை, மாலை போட்டவரும் தின்னலாம். பெயரைப் பார்த்து அண்டிப்பருப்பை, அதாவது முந்திரிப்பருப்பைத் தேட வேண்டாம். இங்கே முந்திரி என்பது திராட்சை. மூன்று மூன்றாக ஒட்டிக்கொண்டு திராட்சைக்குலை மாதிரி இருப்பதால் இந்தப் பெயர்.

ஐந்து வீட்டுக்கு ஒரு கிலோ சிறுபயறு என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு தேங்காய், முக்கால் கிலோ வெல்லம், நூறு கிராம் எள், பத்து ஏலக்காய், ஒரு சிறு துண்டு சுக்கு. கருப்பட்டி கிடைத்தால் வெல்லத்தில் பாதியைக் குறைத்து அதைச் சேருங்கள், வாசம் தெருமுனை வரை போகும்.

பயறை மணம் வரும்வரை வறுத்து மில்லில் ரவையைவிடச் சற்று நைசாகத் திரிக்க வேண்டும். தேங்காய்த் துருவலை ஈரம் போகச் சிவக்க வறுக்க வேண்டும். இதில் அவசரப்பட்டால் இரண்டு நாளில் சிக்கு வாடை வந்துவிடும். எள்ளைத் தனியாக வறுத்து எல்லாவற்றையும் ஒன்றாகக் கலந்து வையுங்கள். இவை பகலிலேயே முடிந்துவிட வேண்டும்.

சாயங்காலம் பிள்ளைகள் வந்ததும் வெல்லத்தை உருக்கி வடிகட்டிக் கம்பிப் பதத்துக்குப் பாகு காய்ச்சுங்கள். பாகை மாவில் ஊற்றிக் கிளறுவது பெரியவர்கள் வேலை. பிள்ளைகளை அந்த நேரம் திண்ணையில் உட்கார வைத்து ஏலக்காய் உரிக்கவோ எள் கொறிக்கவோ விடுங்கள். கை பொறுக்கிற சூடு வந்ததும் எல்லாரும் சுற்றி உட்கார வேண்டியதுதான். ஆறிவிட்டால் மாவு உதிரும், உருட்ட வராது. அதனால்தான் இந்தப் பண்டத்துக்கு ஆள் வேண்டும். ஒரு வீட்டு ஆட்களால் சூடு ஆறுவதற்குள் ஒரு கிலோவை உருட்டி முடிக்க முடியாது. பத்துப் பன்னிரண்டு சின்னக் கைகள் இருந்தால் முடிந்துவிடும்.

நெல்லிக்காய் அளவு என்று சொல்லுங்கள். ஒருவர் கோலிக்குண்டு மாதிரி உருட்டுவார், இன்னொருவர் எலுமிச்சை மாதிரி. திருத்தாதீர்கள். மறுநாள் அந்தப் பெரிய உருண்டையைப் பொரித்து எடுக்கும்போது, "இது நான் உருட்டினது" என்று அந்தப் பிள்ளை கண்டுபிடிக்க வேண்டும். மாவு உதிர ஆரம்பித்தால் கொஞ்சம் வெந்நீர் தெளித்துப் பிசையலாம்.

உருண்டைகளை இரவு முழுக்க முறத்தில் பரப்பி மேல்புறம் காய விடுங்கள். மறுநாள் பச்சரிசி மாவு இரண்டு பங்கு, மைதா ஒரு பங்கு, மஞ்சள்தூள், உப்பு சேர்த்து இட்லி மாவைவிடச் சற்று இளக்கமாகக் கரைத்து, மூன்று மூன்றாக முக்கித் தேங்காயெண்ணெயில் போட வேண்டும். எண்ணெய்ச் சட்டியிலிருந்து பிள்ளைகள் பத்தடி தள்ளி நிற்கட்டும். அவர்களுக்கு வேறொரு வேலை இருக்கிறது: ஆறிய கொத்தின் ஓரத்தில் வால் வாலாக நீட்டிக்கொண்டிருக்கும் மொறுமொறு மாவை உடைத்து எடுப்பது. உடைத்ததெல்லாம் உடைத்தவர்களுக்கே. எங்கள் தெருப் பிள்ளைகள் கொத்தைவிட இந்த வாலுக்குத்தான் வருகிறார்கள்.

நன்றாக ஆறிய பிறகு டின்னில் அடைத்தால் பத்து நாளைக்குக் குறையாமல் இருக்கும்.

பெரிய பிள்ளைகளுக்கு ஒரு வேலை கொடுங்கள்: பாட்டி கைப்பிடியில் அளந்து போடுவதைத் தராசில் நிறுத்து நோட்டில் எழுதுவது. மேலே கொடுத்த அளவு அப்படி எழுதி வைத்ததுதான்.

மற்றப் பண்டிகைகளின் முந்தின நாள்

திருக்கார்த்திகைக்கு ஓலைக்கொழுக்கட்டை. பனங்குருத்தோலை கார்த்திகை நெருங்கும்போது சந்தைக்குக் கட்டுக்கட்டாக வரும். வறுத்த அரிசிமாவு, கருப்பட்டி, தேங்காய், வறுத்த சிறுபயறு, சுக்கு, ஏலக்காய் சேர்த்துப் பிசைந்து ஓலைக்குள் வைத்து, ஓலைக் கீற்றாலேயே கட்டி, ஆவியில் அரை மணி நேரம். ஓலையைத் துடைப்பதும் கட்டுவதும் பிள்ளைகள் பங்கு. ஓலை விளிம்பு கையைக் கிழிக்கும், ஈரத்துணியால் நீளவாக்கில் துடைக்கக் காட்டிக்கொடுங்கள். வெந்த ஓலையைப் பிரிக்கும்போது வருகிற மணம் இருக்கிறதே, அதைச் சொல்லி விளக்க முடியாது. சொக்கப்பனை பார்க்கப் போனால் சின்னவர்களைத் தோளில் வையுங்கள், காற்று எந்தப் பக்கம் அடிக்கிறதோ அதற்கு எதிர்ப்பக்கம் நில்லுங்கள்.

கிறிஸ்துமசுக்குக் குடில். இது முந்தின நாள் மட்டும் செய்கிற வேலையில்லை, எட்டு நாள் முன்பே தொடங்க வேண்டும். பழைய தட்டுகளில் மணல் கலந்த மண் பரப்பி, ஒரு ராத்திரி ஊறவைத்த நெல்லையோ கேழ்வரகையோ விதைத்து, ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு தட்டு கொடுத்துவிடுங்கள். அரையாண்டுத் தேர்வு நேரம், ஆனாலும் காலையில் தண்ணீர் தெளிக்க இரண்டு நிமிடம் போதும். தேர்வு முடிந்து எல்லாரும் தத்தம் தட்டைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். ஒருவர் தட்டு பச்சைப்பசேலென்று இருக்கும், ஒருவருடையது அழுகியிருக்கும். எல்லாவற்றையும் சேர்த்து வைத்தால் பெத்லகேம் வயல். அழுகிய தட்டைக் கொட்டி மணலாகப் பரப்புங்கள், ஒட்டகங்கள் நிற்க இடம் வேண்டுமே. நட்சத்திரத்துக்கு மூங்கில் கீற்றும் வண்ணத்தாளும் கொடுத்தால் அண்ணன்மார் பார்த்துக்கொள்வார்கள். பல்பு ஒயரை மட்டும் பெரியவர் ஒருவர் சரிபார்க்க வேண்டும், மார்கழிப் பனியில் தாள் நனைந்துவிடும்.

ரமலான் மாதத்தில் எங்கள் பிள்ளைகள் சாயங்காலம் தூக்குவாளியோடு பள்ளிவாசலுக்குக் கஞ்சி வாங்கப் போவார்கள். யார் வீட்டுப் பிள்ளை என்று அங்கே கேட்பதில்லை. பெருநாளுக்கு முந்தின சாயங்காலம் மொட்டைமாடியில் பிறை பார்க்கிறோம். மேற்கே தென்னைகளுக்கு மேல் நகக்கீற்று மாதிரி தெரிகிறதா என்று பத்துப் பிள்ளைகள் பார்த்துக்கொண்டு நிற்பார்கள், எல்லாருக்கும் எல்லா இடத்திலும் தெரியும். தலைமை காஜியின் அறிவிப்பு வந்ததும் மருதாணி. எதிர்வீட்டு உம்மாவின் கை வலிக்கும்வரை வரிசை நிற்கும்.

ஓணத்துக்கு அத்தம் முதல் திருவோணம் வரை பத்து நாள் அத்தப்பூக்கோலம். ஐந்து வீடு என்றால் வீட்டுக்கு இரண்டு நாள். அந்தச் சமயம் கேரள வியாபாரிகள் தோவாளைச் சந்தையில் பூவை அள்ளிக்கொண்டு போவதால் விலை ஏறிவிடும். தும்பை, செம்பருத்தி, நந்தியாவட்டை என்று வேலியில் கிடைப்பதை முதல் எட்டு நாளுக்கு வையுங்கள், கடைசி இரண்டு நாளுக்குக் கேந்தியும் வாடாமல்லியும் வாங்கலாம். அரளி பறித்தால் பிள்ளைகள் கை கழுவ வேண்டும், அதில் நஞ்சு உண்டு. ஊஞ்சல் கட்டினால் முதலில் நீங்கள் உட்கார்ந்து ஆடிப் பாருங்கள், கொப்பு தாங்கினால்தான் பிள்ளைகள்.

ஐந்தாம் படி: பணம்

பணமாக வசூலிக்காதீர்கள். ஒருவர் நூறு ரூபாயை எடுத்து நீட்டுகிற எளிமை இன்னொருவருக்கு இருக்காது. பொருளாகப் பிரியுங்கள். தென்னை நிற்கிற வீடு தேங்காய், ஒரு வீடு எள், ஒரு வீடு வெல்லம். ஒன்றும் இயலாத வீட்டுக்கு "உங்க வார்ப்பைக் கொஞ்சம் தாங்க அண்ணாச்சி, எங்களுக்கு அவ்வளவு பெருசு இல்லை" என்று பாத்திரம் கேட்கலாம். பட்டாசு, உடை, பரிசு ஆகிய மூன்றையும் கூட்டுக்குள் கொண்டுவர வேண்டாம். எந்தப் பிள்ளைக்கு விலை கூடியது கிடைத்தது என்று பிள்ளைகள் கண்ணுக்கு உடனே தெரிந்துவிடும். வடம் இழுக்க விட்டாலும் உறியடி வைத்தாலும் பரிசு எல்லாருக்கும் ஒரே கடலைமிட்டாய்தான்.

ஆறாம் படி: வழிபாடு அவரவருக்கு

இதில் நாங்கள் கறாராக இருக்கிறோம். வேலை பொது, உணவு பொது, வழிபாடு அந்த வீட்டுக்காரருடையது. வந்த பிள்ளையை நெற்றியில் பூசிக்கொள்ளச் சொல்வதில்லை, முழங்காலிடச் சொல்வதில்லை, பக்கத்தில் நின்று பார்க்கலாம். பூசைக்குப் படைத்ததை உண்ணாத வீடுகள் உண்டு. அதனால் படைப்பதற்கு முன்பே அவர்கள் பங்கைத் தனியாக எடுத்து வைத்துவிடுகிறோம், அதில் யாருக்கும் மனவருத்தம் இல்லை.

1982 மார்ச்சில் இந்துக்களுக்கும் கிறிஸ்தவர்களுக்கும் இடையே மண்டைக்காட்டுக் கலவரம் நடந்தது. அந்த நாட்களைப் பார்த்த பெரியவர்கள் இன்னும் நம் வீடுகளில் இருக்கிறார்கள். ஏதாவது ஒரு வீட்டில் பாட்டா "அங்கெல்லாம் எதுக்கு?" என்று தடுத்தால் கோபப்படாதீர்கள், வாதாடாதீர்கள். அவரிடம் தனியாகப் போய் உட்கார்ந்து ஒரு சாயா குடியுங்கள். அடுத்த முறையும் கூப்பிடுங்கள். எங்கள் தெருவில் ஒருவர் மூன்று வருடம் வரவில்லை. நாலாம் வருடம் பேரனைத் தேடி வந்தவர், திண்ணையில் உட்கார்ந்து பாகுப் பதம் தப்பு என்று சொல்லிவிட்டு, அவரே கரண்டியை வாங்கிக் காட்டினார்.

பிள்ளைகள் கேள்வி கேட்பார்கள். "மாட்டுத் தொழுவத்துல ஏன் பிறந்தாரு?" "நோன்புல தண்ணிகூடக் குடிக்க மாட்டீங்களா?" பதிலை நீங்கள் சொல்லாதீர்கள். அந்த வீட்டுக்காரர் சொல்லட்டும்.

ஏழாம் படி: எண்ணெய்ச் சட்டி வைக்காத வீடு

துஷ்டி, அதாவது சாவு நடந்த வீட்டில் அந்த வருடம் பண்டிகை இருக்காது, பலகாரம் சுட மாட்டார்கள். அக்கம்பக்கத்தார் கொடுத்துவிடுவது வழக்கம். பிள்ளைகளை என்ன செய்வது என்பதைத்தான் நாம் யோசிப்பதில்லை. வீட்டில் அழுகைக்கு நடுவே அவர்கள் ஜன்னல் வழியே பிற வீட்டு நட்சத்திரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அவர்களை வேலைக்குக் கூப்பிடலாமா என்று அந்த அம்மாவிடம் மெதுவாகக் கேளுங்கள். பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள்.

கடைசியாகப் பாத்திரம். வந்த பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்காதீர்கள், ஒரு பிடி சர்க்கரையோ நாலு கறிவேப்பிலைக் கொத்தோ போதும். பிள்ளை கையில் கொடுத்து அனுப்புங்கள். மூடியின் அடியில் வீட்டுப் பெயரைப் பெயிண்டால் எழுதி வைத்தால் குழப்பம் வராது.

ஒரு வருடம் ஐப்பசியில் அடுத்த வீட்டுப் பாட்டா இறந்துபோனார். டிசம்பரில் அவர்கள் வாசலில் நட்சத்திரம் இல்லை. நாங்கள் கொத்துக்கு ஒன்றரைக் கிலோ பயறு போட்டோம். அந்த வீட்டுப் பிள்ளைகள் இருவரும் வந்து பேசாமல் உட்கார்ந்து உருட்டினார்கள். சின்னவன் ஒவ்வொன்றையும் எலுமிச்சை அளவுக்கு உருட்டினான், பாட்டாவுக்குப் பெரிசுதான் பிடிக்கும் என்றான். என் மாமியார், "உருட்டு மக்களே, நல்லாப் பெருசா உருட்டு" என்றார். அவன் உருட்டியதையெல்லாம் தனியாகப் பொரித்து ஒரு டின்னில் போட்டு முதலில் அந்த வீட்டுக்குத்தான் கொடுத்துவிட்டோம். தை பிறந்து இரண்டு நாள் கழித்து டின் திரும்பி வந்தது, உள்ளே ஒரு சீப்பு மட்டிப்பழம்.